கேஸ் எங்கே போனது?

வீட்டு ஃபிரிட்ஜுக்குக் கடைசியாக எப்போது கேஸ் நிரப்பினீர்கள்? நிரப்பியதே இல்லை என்றுதான் பெரும்பாலானோர் சொல்வார்கள். கல்யாணச் சீராக வந்த ஃபிரிட்ஜ், பிள்ளைகள் கல்லூரிக்குப் போகும்வரை அதே கேஸோடு ஓடுவது நம் வீடுகளில் சாதாரணம். அதே வீட்டு வாசலில் நிற்கும் பழைய காருக்கு மட்டும் கோடை வந்தால் போதும், "கேஸ் தீர்ந்துடுச்சு, ஃபில் பண்ணிடலாம்" என்ற பேச்சு வந்துவிடுகிறது. இரண்டும் ஒரே தத்துவத்தில் ஓடுபவை. ஒன்றில் தீராத வாயு மற்றொன்றில் எப்படித் தீரும்?

தீராது. ஏசிக்குள் இருக்கும் வாயு பெட்ரோலைப் போல எரிந்து போவதில்லை. மூடிய குழாய்களுக்குள் திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அளவு குறைந்திருந்தால் வெளியே போயிருக்கிறது என்று அர்த்தம்; போவதற்கு எங்கோ ஒரு வழி இருக்கிறது. அந்த வழியை அடைக்காமல் மேலும் மேலும் ஏற்றுவதைப் பழுதுபார்த்தல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஃபிரிட்ஜில் மோட்டாரும் கம்ப்ரஸரும் ஒரே இரும்புக் கூட்டுக்குள் அடைத்துப் பற்றவைக்கப்பட்டிருக்கின்றன. வெளியே வருவது மின்கம்பிகளும் குழாய்களும்தான். குழாய் இணைப்புகளும் பற்றவைத்தவையே. காரில் அந்த வசதி இல்லை. கம்ப்ரஸரைச் சுற்றுவது எஞ்சின். பெல்ட் வழியாக வரும் சுழற்சி ஒரு தண்டின் மூலம் கம்ப்ரஸருக்குள் நுழைய வேண்டும். சுழலும் தண்டைச் சுற்றி வாயு தப்பாமல் ஒரு சீல் காவல் காக்க வேண்டும். எஞ்சின் ரப்பர் மவுண்டுகளின் மேல் குலுங்கிக்கொண்டே இருப்பதால் கம்ப்ரஸரிலிருந்து கிளம்பும் குழாய்கள் வளையக்கூடிய ஹோஸ்களாக இருந்தாக வேண்டும். ரப்பரின் ஊடாகவே வாயு மூலக்கூறுகள் மெல்ல வெளியேறும். பாகங்களைக் கழற்றி மாட்ட வேண்டியிருப்பதால் இணைப்புகளெல்லாம் போல்ட்டும் ஓ-ரிங்குமாக இருக்கும். இதற்கு மேல் எஞ்சின் அறையின் சூடு, சாலையின் குலுக்கல், மழைநாளில் வாரியடிக்கும் சேறு.

ஆகவே கார் ஏசி கொஞ்சம் கசியத்தான் செய்யும். அதை ஒப்புக்கொண்டுதான் வடிவமைக்கவும் செய்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2006-ல் கொண்டுவந்த கார் ஏசி விதி, ஒரே ஒரு கூலிங் காயில் உள்ள அமைப்பிலிருந்து ஆண்டுக்கு 40 கிராமுக்கு மேல் கசியக் கூடாது என்று வரம்பு வைத்தது. சிறிய காரில் மொத்தமே அரை கிலோ அளவுக்குத்தான் வாயு இருக்கும். சரியான எடை பானெட்டின் அடியிலோ ரேடியேட்டருக்கு மேலேயோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் கிராம் கணக்கில் இருக்கும். ஆண்டுக்கு 40 கிராம் போனாலும் குளிர்ச்சி குறைவதை நாம் உணரச் சில ஆண்டுகள் ஆகும். ஒவ்வொரு சித்திரையிலும் காலியாகிறது என்றால் அந்தக் காரில் ஓட்டை இருக்கிறது.

ஓட்டைக்கு வருவதற்கு முன்னால் வாயு உள்ளே என்ன செய்கிறது என்று பார்த்துவிட வேண்டும். ஒரு திரவம் எந்த வெப்பநிலையில் கொதிக்கும் என்பதை அதன்மேல் இருக்கும் அழுத்தம் தீர்மானிக்கிறது. பிரஷர் குக்கருக்குள் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டி 120 டிகிரி வரை போவது அதனால்தான். 1990-களின் பிற்பகுதியிலிருந்து நம் சாலைக்கு வந்த கார்களில் பெரும்பாலும் இருப்பது ஆர்-134ஏ என்ற வாயு. திறந்தவெளியில் அது மைனஸ் 26 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். சுமார் 3 வளிமண்டல அழுத்தத்துக்குள் வைத்தால் கொதிநிலை 0 டிகிரியை ஒட்டி வரும். 15 வளிமண்டலத்துக்கு ஏற்றினால் 55 டிகிரிக்கு மேல் போய்விடும்.

கார் ஏசி முழுவதும் இந்த ஏற்ற இறக்கத்தில் அடங்கிவிடுகிறது. டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் கூலிங் காயிலில் வாயு குறைந்த அழுத்தத்தில், சில டிகிரிகளிலேயே கொதிக்கிறது. கொதிக்க வேண்டிய வெப்பத்தைக் கேபின் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. கம்ப்ரஸர் அந்த ஆவியை உறிஞ்சி, அழுத்தி, ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டென்சருக்குத் தள்ளுகிறது. வெளியே 40 டிகிரி வெயிலாக இருந்தாலும் கண்டென்சருக்குள் இருப்பது அதைவிடச் சூடு. அதனால் வெப்பம் வெளிக்காற்றுக்கு இறங்கி, ஆவி திரவமாகிறது. அந்தத் திரவம் ஈரத்தை உறிஞ்சும் டிரையர் வழியாக வந்து, எக்ஸ்பான்ஷன் வால்வின் நுண்துளையில் அழுத்தத்தை இழந்து, மறுபடியும் கூலிங் காயிலுக்குள் கொதிக்கப் போகிறது.

சிறிய காரின் ஏசி 3 கிலோவாட் அளவுக்கு வெப்பத்தை வெளியேற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிராம் ஆர்-134ஏ ஒரு சுற்றில் தூக்கிச் செல்வது ஏறத்தாழ 150 ஜூல். அப்படியானால் நொடிக்கு 20 கிராம் ஓட வேண்டும். உள்ளே இருக்கும் அரை கிலோவும் 25 நொடியில் ஒரு முழுச் சுற்று வந்துவிடும். கம்ப்ரஸர் நிற்காமல் ஓடினால், ஐந்து மணி நேரப் பயணத்தில் அதே அரை கிலோ 700 முறைக்கு மேல் கொதித்துக் குளிர்ந்திருக்கும். இறங்கும்போதும் அது அரை கிலோவாகவே இருக்கும்.

பழைய கார் என்றால் எவ்வளவு பழையது என்பதும் முக்கியம். அமெரிக்காவின் பாக்கார்ட் நிறுவனம் 1939-ல் சிகாகோ கண்காட்சியில் ஏசி வைத்த காரைக் காட்டியது. கூலிங் காயில் பின்சீட்டுக்குப் பின்னால் டிக்கியின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருந்தது. கம்ப்ரஸருக்கு கிளட்ச் கிடையாது. குளிர் வேண்டாமென்றால் இறங்கிப்போய் பெல்ட்டைக் கழற்ற வேண்டும். அதில் ஓடிய வாயு ஆர்-12. அது இல்லாமல் காருக்குள் ஏசி வந்திருக்கவே முடியாது என்று சொல்லலாம். ஏனென்றால் அதற்கு முன்பு குளிர்சாதனங்களில் ஓடிய அம்மோனியா, கந்தக டை ஆக்சைடு, மெத்தில் குளோரைடு எல்லாமே நச்சு. அவற்றை ஓர் அடைத்த கேபினுக்குள் யாரும் விடமாட்டார்கள். 1928-ல் ஜெனரல் மோட்டார்ஸுக்காக தாமஸ் மிட்ஜ்லி தேர்ந்தெடுத்த குளோரோஃபுளோரோகார்பன்கள், அதாவது சிஎஃப்சி வாயுக்கள், எரியவும் இல்லை, நச்சாகவும் இல்லை. 1930-ல் அமெரிக்க வேதியியல் கழகக் கூட்டத்தில் அவர் ஆர்-12 வாயுவை நெஞ்சு நிறைய இழுத்து, மெழுகுவர்த்தியின் மேல் ஊதி அணைத்துக் காட்டினார்.

எதனோடும் வினைபுரியாத அந்த நல்ல குணமே பின்னால் கேடாக முடிந்தது. கீழ்க்காற்றில் எதுவும் அதைச் சிதைப்பதில்லை என்பதால் ஸ்ட்ரேட்டோஸ்பியர் வரை ஏறிப்போய், அங்கே புற ஊதாக் கதிர்பட்டு உடைந்து, குளோரினை விடுவித்து, ஓசோனை அழிக்கிறது. ஷெர்வுட் ரோலண்டும் மரியோ மொலினாவும் 1974-ல் இதைச் சொன்னார்கள். 1985-ல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் அண்டார்டிகா வானில் ஓசோன் மெலிந்துகிடப்பதை வெளியிட்டார்கள். 1987 செப்டம்பர் 16 அன்று மான்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானது. இந்தியாவில் 2003 ஜனவரி முதல் புதிய சாதனங்களில் சிஎஃப்சி பயன்படுத்துவது நின்றது. ஆகவே 1990-களின் அம்பாசடரோ மாருதி 800-ஓ வைத்திருப்பவர், தன் காரில் ஓடுவது எந்த வாயு என்பதை முதலில் பார்க்க வேண்டும். கேஜ் மாட்டும் வாயில் சாதாரண மரையோடு இருந்தால் அது ஆர்-12 காலத்து அமைப்பு. ஆர்-134ஏ அமைப்பில் அழுத்தினால் கவ்விக்கொள்ளும் கப்ளர் இருக்கும். தாழ் அழுத்தப் பக்கத்துக்கு 13 மில்லிமீட்டர், உயர் அழுத்தப் பக்கத்துக்கு 16. மாற்றி மாட்டிவிடக் கூடாது என்பதற்காகவே இரண்டு அளவு.

ஆர்-12 அமைப்பை ஆர்-134ஏ-வுக்கு மாற்ற முடியும். அதற்குச் செய்ய வேண்டியவை இருக்கின்றன. பழைய மினரல் ஆயில் புதிய வாயுவோடு கரையாது. கரையாத ஆயில் கூலிங் காயிலில் தேங்கிவிடும், கம்ப்ரஸர் வறண்டுபோகும். அதனால் பழைய ஆயிலை வடித்து எஸ்டர் ஆயில் ஊற்ற வேண்டும். டிரையரும் ஓ-ரிங்குகளும் புதிதாக வர வேண்டும். வாயுவின் எடை பழைய எடையில் 80 முதல் 90 சதவீதம் போதும். பழைய கண்டென்சர் சிறியதாக இருந்தால் மதிய வெயிலில் டிராஃபிக்கில் நிற்கும்போது குளிர்ச்சி முன்னைப்போல இராது.

இனி பானெட்டைத் திறக்கலாம். நல்ல மெக்கானிக் முதலில் கேஸில் கை வைக்கமாட்டார். கண்டென்சரின் நுண்ணிய தகடுகளுக்கிடையே பூச்சியும் சேறும் அடைத்திருக்கிறதா, அதன் ஃபேன் முழு வேகத்தில் சுற்றுகிறதா, ஹீட்டர் வால்வு சரியாக மூடாமல் சுடுதண்ணீர் உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பார். ஒரு எளிய சோதனை உண்டு: ஏசி ஓடும்போது கண்டென்சர் மேல் ஒரு குடம் தண்ணீரை மெல்ல ஊற்றினால் உள்ளே சட்டென்று குளிர் கூடுகிறதா? கூடினால் கோளாறு பெரும்பாலும் காற்றோட்டத்தில் இருக்கிறது.

காலையில் ஜில்லென்று ஓடி, மதியம் நின்றுவிடும் ஏசி இன்னொரு வகை. கம்ப்ரஸர் முகப்பில் இருக்கும் காந்தக் கிளட்சின் தகடுகள் தேயத் தேய இடைவெளி கூடுகிறது. சூடேறினால் கிளட்சின் மின்காந்தக் கம்பிச்சுருளின் மின்தடை அதிகரித்து, மின்னோட்டம் குறைந்து, காந்தம் பலவீனமாகிறது. குளிர்ந்த நேரத்தில் இழுத்துவிடும் தகட்டைச் சூட்டில் இழுக்க முடிவதில்லை. உள்ளே இருக்கும் மெல்லிய வாஷர் ஒன்றை எடுத்து இடைவெளியைக் குறைத்தால் சரியாகிவிடும். இதற்குக்கூட கேஸ் பில் போடப்பட்ட கார்கள் உண்டு.

இப்போது கேஜ். எஞ்சினை அணைத்து, எல்லாம் வெளிக்காற்றின் சூட்டுக்கு வந்தபின் மாட்டினால் இரண்டு முள்ளும் ஒரே எண்ணில் நிற்கும். 33 டிகிரியில் ஆர்-134ஏ-வுக்கு அது சுமார் 107 பிஎஸ்ஐ. அந்த எண் உள்ளே எவ்வளவு வாயு இருக்கிறது என்பதைச் சொல்வதே இல்லை. ஒரு மூடிய கலத்தில் திரவமும் ஆவியும் சேர்ந்து இருக்கும்வரை அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை மட்டுமே. 200 கிராம் இருந்தாலும் 107, 500 கிராம் இருந்தாலும் 107. திரவம் கடைசித் துளிவரை ஆவியான பிறகுதான் முள் இறங்கத் தொடங்கும். முள் 50-ல் நின்றால் அமைப்பு ஏறக்குறைய காலி என்று உறுதியாகச் சொல்லலாம். 130-ல் நின்றால் உள்ளே வாயுவோடு வேறு ஏதோ, பெரும்பாலும் காற்று, சேர்ந்திருக்கிறது. 107-ல் நின்றால் எடையைப் பற்றி எதுவுமே தெரியாது.

எஞ்சின் ஓடும்போது வரும் எண்களும் வெயில், ஈரப்பதம், ஃபேன் வேகம், எஞ்சின் வேகம் எல்லாவற்றையும் பொறுத்து அலையும். பிரஷர் பார்த்து டாப்-அப் செய்வது ஊகம் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். அமைப்பில் எத்தனை கிராம் இருக்கிறது என்று அறிய ஒரே வழி, இருப்பதை முழுவதும் ரெக்கவரி மெஷினால் சிலிண்டருக்குள் இழுத்து எடைபோடுவது.

இழுத்தாயிற்று. அடுத்தது ஓட்டை. ஓட்டை வழியாகப் போகும் வாயு பெரும்பாலும் தனியாக வெளியேறுவதில்லை. கம்ப்ரஸருக்கு வழவழப்புத் தரும் ஆயில் வாயுவோடு கலந்தே எல்லாக் குழாயிலும் ஓடுவதால், கசியும் இடத்தில் ஆயில் படிந்து, அதன்மேல் தூசி ஒட்டி, கறுத்த ஈரத் திட்டு ஒன்று உருவாகும். கோவைப் பட்டறை ஒன்றில் 20 வயதைத் தாண்டிய ஒரு சிறு காரில் இந்தத் தேடலை அருகிலிருந்து பார்த்தேன். மெக்கானிக் டார்ச்சை அடித்து, கண்டென்சருக்குள் குழாய் நுழையும் இணைப்பை விரலால் தடவிக் காட்டினார். விரலில் கருமையாகப் பிசுபிசுப்பு. "ஆயிலு வந்திருக்குன்னா கேஸும் வந்திருக்குதுங்க சார்" என்றவர், அத்தோடு நிறுத்தவில்லை. நைட்ரஜன் சிலிண்டரை மாட்டி 150 பிஎஸ்ஐ ஏற்றினார். ஷாம்பு கலந்த தண்ணீரை பிரஷ்ஷால் அந்த இணைப்பில் தடவினார். முதலில் ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரத்தில் போல்ட்டின் ஓரத்தில் கடுகளவு வெண்ணுரை எழுந்து, வெடிக்காமல், மெல்லப் பெருத்துக்கொண்டே போனது.

இணைப்பைக் கழற்றியபோது உள்ளே இருந்த ஓ-ரிங் வட்டத் தடிமனை இழந்து ஒரு பக்கம் தட்டையாகியிருந்தது. நகத்தால் அழுத்தினால் குழி விழவில்லை. வளைத்ததும் பட்டென்று ஒடிந்தது. புதிதாக வந்த பச்சை நிற ரிங்கை ஏசி ஆயிலில் தோய்த்து, முறுக்கிக்கொள்ளாமல் பள்ளத்தில் உட்காரவைத்து, அலுமினியக் குழாய் திருகாதபடி இரண்டு ஸ்பேனர் போட்டு இறுக்கினார். சில ரூபாய் விலையுள்ள ரப்பர் வளையம். அதன் வழியாக எத்தனை கோடைகளின் கேஸ் போயிருக்கும் என்று நினைத்தால் வேதனையாக இருக்கிறது.

நைட்ரஜன் போடுவதற்குக் காரணம் உண்டு. டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸர் காற்றில் ஈரம் இருக்கும். அழுத்தம் கூடிய நிலையில் ஆர்-134ஏ காற்றோடு கலந்தால் தீப்பற்றவும் வாய்ப்புண்டு. ஆக்சிஜன் ஆயிலோடு சேர்ந்தால் வெடிக்கும். அதைக் கிட்டவே கொண்டுவரக் கூடாது. உலர்ந்த நைட்ரஜன் எதோடும் சேராது. ஏற்றிய அழுத்தத்தை இரவு முழுக்க விட்டுவைத்து, காலையில் முள்ளைப் பார்ப்பார்கள். 5 பிஎஸ்ஐ இறங்கியிருந்தால் உடனே கலங்க வேண்டாம். இரவில் 10 டிகிரி சூடு குறைந்தால், ஓட்டையே இல்லாவிட்டாலும் 150 பிஎஸ்ஐ சுமார் 145 ஆகிவிடும்.

ஓட்டைகளிலேயே கொடியது கூலிங் காயிலில் வருவது. காயில் எப்போதும் ஈரமாக இருக்கிறது. காற்று இழுக்கும் வாயில் வழியாக வேப்பஞ்சருகும் தூசியும் வந்து அந்த ஈரத்தில் ஒட்டி, சேறாகி, அலுமினியத்தை ஊசிமுனைத் துளைகளாக அரிக்கின்றன. கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்கிறது. பல கார்களில் காயிலை எடுக்க டேஷ்போர்டை முழுதாக இறக்க வேண்டியிருப்பதால், கேபின் ஃபில்டர் வசதி உள்ள காரில் அதை மறக்காமல் மாற்றுவது பெரிய செலவைத் தவிர்க்கும். துளைவிட்ட காயிலில் பற்றவைத்து ஒட்டுப்போடுவதைவிடப் புதியது வாங்குவதே நல்லது. ஓர் இடத்தில் அரித்த உலோகம் பக்கத்திலும் மெலிந்துதான் இருக்கும்.

கம்ப்ரஸர் தண்டின் சீலுக்கு வேறு கதை. அது வேலை செய்ய ஆயில் ஈரம் வேண்டும். கம்ப்ரஸர் சுற்றினால்தான் ஆயில் வந்து அதை நனைக்கும். மார்கழி, தை மாதங்களில் ஏசியை யாரும் தொடுவதில்லை. சீல் காய்ந்து, உதடு சுருங்கி, வாயு நழுவுகிறது. குளிர்காலத்திலும் வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஏசியை ஓடவிட்டால் இந்தக் கசிவு பெரிதும் குறையும். மழைநாளில் கண்ணாடியில் படியும் பனிப்படலமும் அதனால் விலகும்.

கேஸ் குறைந்த காரில் தாழ் அழுத்த சுவிட்ச் கம்ப்ரஸரை ஓடவிடாது. அந்த சுவிட்ச் தடங்கல் செய்கிறது என்று நினைத்து ஒயரை நேரடியாக முறுக்கிவிடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. ஆயிலைச் சுமந்து திருப்பிக் கொண்டுவருவது வாயுதான். வாயு இல்லாமல் சுற்றும் கம்ப்ரஸர் ஆயிலும் இல்லாமல் சுற்றி இறுகிவிடும். ரப்பர் வளையத்தோடு முடிய வேண்டிய செலவு கம்ப்ரஸர் விலைக்குப் போய்விடும்.

ஓட்டையை அடைத்த பின் வேக்கம், அதாவது உள்ளே இருப்பதைப் பம்பால் உறிஞ்சி வெற்றிடமாக்குவது. இதை அரை மணிச் சடங்காக நினைப்பவர்கள் உண்டு, பலர் தவிர்த்தும்விடுகிறார்கள். உண்மையில் முழு வேலையிலும் அறிவியல் நிறைந்த கட்டம் இது. அமைப்பைத் திறந்தபோது காற்றும் ஈரமும் உள்ளே வந்துவிட்டன. ஈரம் இரண்டு விதமாகக் கெடுக்கும். எக்ஸ்பான்ஷன் வால்வின் நுண்துளையில் வெப்பநிலை 0 டிகிரிக்குக் கீழே போகும்போது அது பனிக்கட்டியாகித் துளையை அடைக்கும்: இருபது நிமிடம் நன்றாகக் குளிர்ந்து நின்றுபோய், சற்று ஓய்வு கொடுத்தால் மறுபடி குளிரும் கார்களில் இதைச் சந்தேகிக்கலாம். அடுத்து, ஆர்-134ஏ-வோடு பயன்படும் பிஏஜி ஆயில் தண்ணீரை ஆவலோடு உறிஞ்சும். ஈரமான ஆயிலில் நாளடைவில் அமிலம் உண்டாகி உலோகத்தை அரிக்கும். திறந்துகிடந்த அமைப்பில் டிரையரைப் புதிதாகப் போடச் சொல்வதும் இதனால்தான். அதற்குள் இருக்கும் உறிஞ்சும் மணிகள் வெளிக்காற்றின் ஈரத்தைக் குடித்து நிறைந்திருக்கும்.

குழாய்க்குள் ஒட்டியிருக்கும் தண்ணீரை எப்படி எடுப்பது? கொதிக்கவைத்துத்தான். அழுத்தத்தைக் கூட்டினால் கொதிநிலை ஏறுவதுபோல, குறைத்தால் இறங்கும். வளிமண்டல அழுத்தத்தின் 25-ல் ஒரு பங்குக்கு இறக்கிவிட்டால் தண்ணீர் 30 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். பம்ப் அந்த ஆவியை இழுத்து வெளியே விட்டுவிடும். கடலோர ஊரில் கேஜ் 29 அங்குலப் பாதரச வேக்கம் காட்டினால் அந்த நிலையைத் தாண்டிவிட்டோம். அதே பம்பை ஊட்டிக்கு எடுத்துப்போனால் 23 அங்குலத்துக்கு மேல் ஏறாது. பம்பில் குறையில்லை, 2,200 மீட்டர் உயரத்தில் வெளியே இருக்கும் காற்றின் அழுத்தமே அவ்வளவுதான். அங்கே குளிரும் அதிகம் என்பதால் தண்ணீரைக் கொதிக்கவைக்க இன்னும் ஆழமான வேக்கம் தேவை, நேரமும் கூட வேண்டும். நம் சமவெளி வெயில் இந்த ஒரு வேலைக்கு மட்டும் பெரிய உதவி.

வேக்கம் நிற்கிறது, ஆகவே ஓட்டை இல்லை என்று முடிவு கட்டுவது சரியாகாது. வேக்கத்தில் வெளிக்காற்று உள்நோக்கி அழுத்துவது ஒரே ஒரு வளிமண்டலம். ஓடும்போது கண்டென்சர் பக்கத்தில் வாயு வெளிநோக்கித் தள்ளுவது அதைப்போல 15 மடங்கு. நைட்ரஜன் சோதனைக்கு இது ஈடாகாது.

ஏற்றும்போது சிலிண்டர் டிஜிட்டல் தராசின் மேல் நிற்க வேண்டும். ஸ்டிக்கரில் 480 கிராம் என்றால் 480 கிராம். கூடுதலாக ஏற்றினால் இன்னும் குளிரும் என்று நினைப்பவர்களுக்கு ஏமாற்றம்தான் கிடைக்கும்: மிகுதித் திரவம் கண்டென்சருக்குள் தேங்கி, ஆவி குளிர்வதற்கான இடத்தை அடைத்துக்கொள்ளும், அழுத்தம் எகிறும், குளிர்ச்சி குறையும், பெட்ரோல் வீணாகும்.

ஏற்றுவது என்ன வாயு என்பதிலும் விழிப்பு வேண்டும். மலிவு என்று எல்பிஜியை ஏற்றுபவர்கள் இருக்கிறார்கள். அது நன்றாகவே குளிரும். ஆபத்தும் அதில்தான் இருக்கிறது, யாருக்கும் சந்தேகம் வராது. 200 கிராம் எல்பிஜி கூலிங் காயில் வழியாகக் கசிந்தால் அது ஏறத்தாழ 100 லிட்டர் ஆவி. சிறு காரின் கேபின் சுமார் 2,500 லிட்டர். கலவையில் 4 சதவீதம். 2 சதவீதமே தீப்பிடிக்கப் போதும். வீட்டு ஃபிரிட்ஜிலும் ஐசோபியூட்டேன் இருக்கிறதே என்று கேட்கலாம். அங்கே பற்றவைத்து மூடிய குழாய்களுக்குள், அதுவும் சில பத்து கிராம்தான். போலி ஆர்-134ஏ இன்னும் மோசம். 2011-ல் வியட்நாமில் சர்வீஸ் செய்யப்பட்ட குளிர்ப்பதனக் கப்பல் கொள்கலன்கள் சில வெடித்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். அவற்றில் ஏற்றப்பட்ட வாயுவில் மெத்தில் குளோரைடு கலந்திருந்தது. அது அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்றுப் பட்டதுமே பற்றிக்கொள்ளும் சேர்மத்தை உண்டாக்கிவிடுகிறது.

கசிந்த ஆர்-134ஏ ஓசோனைத் தொடுவதில்லை. ஆனால் வெப்பத்தைப் பிடித்துவைப்பதில் அது நூறாண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப்போல 1,430 மடங்கு வலியது. அரை கிலோ கசிந்தால் 715 கிலோ கார்பன் டை ஆக்சைடு விட்டதற்குச் சமம். அவ்வளவு வெளியேற 300 லிட்டருக்கு மேல் பெட்ரோல் எரிய வேண்டும். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் காரில் அது சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு மூன்று முறை போய்வரும் தூரம். 2016-ல் ருவாண்டாவின் கிகாலியில் உலக நாடுகள் இவ்வகை வாயுக்களைக் குறைக்க ஒப்புக்கொண்டன. 2021-ல் ஏற்புறுதி அளித்த இந்தியா 2028-ல் பயன்பாட்டை உறையவைத்து, 2047-க்குள் 85 சதவீதம் குறைக்க வேண்டும். புதிய கார்களுக்கு வந்திருக்கும் ஆர்-1234ஒய்எஃப் காற்றில் சில நாட்களிலேயே சிதைந்துவிடுகிறது. நம்மிடம் ஓடிக்கொண்டிருக்கும் பழைய கார்களுக்கு அது பொருந்தாது. அவற்றில் இருப்பதைக் கசியவிடாமல் காப்பதே நாம் செய்யக்கூடியது. வால்வைத் திறந்து காற்றில் விடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

வேலை முடிந்ததும் நடுவில் உள்ள ஏசி வென்ட்டில் தெர்மாமீட்டரைச் செருகி, எஞ்சினை 1,500 சுற்றில் வைத்து, உட்காற்றுச் சுழற்சியில் ஓடவிட வேண்டும். வெளியே 36 டிகிரி என்றால் பத்து டிகிரியை ஒட்டி வந்தால் நல்லது. சென்னையில் ஓரிரண்டு டிகிரி கூடுதலாக வந்தாலும் குறை சொல்ல வேண்டாம். அங்கே கூலிங் காயில் மணிக்கு ஒரு லிட்டர் தண்ணீரைக் காற்றிலிருந்து பிழிந்து காருக்கு அடியில் சொட்டவிடுகிறது என்றால், அதற்கு மட்டுமே கிட்டத்தட்ட 0.7 கிலோவாட் செலவாகிறது.

பில்லில் "கேஸ் சார்ஜ்" என்று மட்டும் எழுதியிருந்தால் திருப்பிக் கொடுத்து, எத்தனை கிராம் ஏற்றினார்கள், எந்த ஆயில் எவ்வளவு, எந்த இணைப்பில் கசிவு, எந்தத் தேதி என்று எழுதி வாங்குங்கள். 480 கிராம் ஏற்றிய காரிலிருந்து இரண்டு ஆண்டு கழித்து 410 கிராம் மீட்டெடுத்தால், ஆண்டுக்கு 35 கிராம் போயிருக்கிறது. ஐரோப்பிய விதியின் வரம்புக்குள்ளேயே வருகிறது. மீட்டதோடு 70 கிராம் சேர்த்து ஏற்றி அனுப்பிவிடலாம். 150 கிராம்தான் வந்தது என்றால் நைட்ரஜன் சிலிண்டரை எடுக்க வேண்டும்.